மூன்று மில்லிமீட்டர் பொய்!

டெலிபோன் அலறியது.

ஹேசல் அசையவில்லை. வலது கையில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன். இடது உள்ளங்கை ஒரு பழைய வெள்ளைக் காரின் பின்புறத்தில், ஜுரம் பார்ப்பது போலப் பதிந்திருந்தது.

அலறி ஓய்ந்தது.

மறுபடியும் அலறியது!

"லோர்னா, அந்த போனைக் கொஞ்சம் எடேன்!"

"நான் டிக்கிக்குள்ள மூணா மடங்கிக் கெடக்கேன் தாயே! நீயே எடு!"

ஹேசல் முணுமுணுத்துக்கொண்டே ஹீட் கன்னை அணைத்தாள். ஒர்க்‌ஷாப்பின் கோடியில் இருந்த கண்ணாடி அறைக்குள் போய் ரிசீவரை எடுத்தாள்.

"ஹேசல்! அந்த டன்லினை நீ இன்னும் தொடலையே?"

க்ளைவ் ஸ்கெல்டன். இந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுடைய பார்ட்னர். கார்லைலில் நடக்கும் பழைய உதிரி பாகச் சந்தைக்குப் போயிருந்தான். குரல் மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி இரைத்தது.

"குட்மார்னிங் க்ளைவ். கதவுக் கைப்பிடி கெடைச்சுதா?"

"கைப்பிடி கெடக்கட்டும்! காலைல ஒரு போட்டோ அனுப்பியிருந்தியே... அந்த இடது பின் பேனல்... அதைத் தொடாதே!"

"தொட்டாச்சே!"

மறுமுனையில் ஒரு லாரி ஹாரன் கேட்டது.

"க்ளைவ்?"

"அது... அது நான் ஒட்டின பேனல். நான்தான் எடுக்கணும். எனக்குத்தான் அதோட பக்குவம் தெரியும்."

"ஏன், எனக்குத் தெரியாதா? கார்க்காரர் பிக்கரிங் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு உயிரை எடுக்கறாரு. உள்ளே ஏதோ துரு... பின் விளக்கு தொங்கிப் போச்சு."

"நிறுத்து! நான் கெளம்பிட்டேன். பாதி வழி தாண்டியாச்சு. ஒரு மணி நேரத்துல அங்கே இருப்பேன். அதுவரைக்கும் கை வெக்காதே... ப்ளீஸ்!"

வைத்துவிட்டான்.

ஹேசல் ரிசீவரையே பார்த்தாள். பதினேழு வருடத்தில் க்ளைவ் 'ப்ளீஸ்' சொல்லி அவள் கேட்டதில்லை.

சரி, வாசகரே... உங்களுக்கு டன்லின் தெரிந்திருக்க நியாயமில்லை. லிங்கன்ஷயர் சமவெளியில் ஒரு கொட்டகையில் அறுநூறு கார் செய்துவிட்டு, 1983-ல் கதவை இழுத்து மூடிய கம்பெனியின் கார் அது. எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர் கிளாஸ் பேனல். போல்ட் கிடையாது, திருகு கிடையாது... வெறும் பசை! அந்தப் பசை கல்யாணப் பந்தத்தை விட உறுதி. இந்தக் கதையில் வரும் கல்யாணத்தை விட, நிச்சயமாக!

துருப் பிடிக்காத தோல். துருப் பிடிக்கும் எலும்பு. எலும்புக்கு வைத்தியம் பார்க்கத் தோலை உரிக்க வேண்டும். ஒரு கீறல் விழாமல். அதுதான் ஹேசல் ப்ராக்கன்பரிக்குப் பிழைப்பு.

"யாரு?" லோர்னா டிக்கியிலிருந்து தலையை நீட்டினாள். நாற்பது வயது. சின்ன உடம்பு. ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஹேசலின் அண்ணன் நைஜலின் மனைவி.

"க்ளைவ். இந்தப் பேனலைத் தொடக் கூடாதாம். சந்தையைப் போட்டுட்டு ஓடி வரான்."

லோர்னாவின் முகத்தில் ஏதோ வந்து போனது. ஹேசல் கவனிக்கவில்லை.

"அப்ப விட்டுடேன் ஹேசல். வந்து அவனே பண்ணட்டும்."

"சூடு ஏத்தியாச்சு. இப்ப விட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பிடி அந்தக் கட்டையை!"

மெல்லிய எஃகுக் கம்பி. இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி. ஒன்று வெளியே ஹேசலிடம். இன்னொன்று டிக்கிக்குள் லோர்னாவிடம். நடுவில் கம்பி, பேனலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த பசைக்குள்.

"நான் இழுக்கறப்ப நீ விடணும். நீ இழுக்கறப்ப நான் விடுவேன். மரம் அறுக்கற மாதிரி... ஆனா மெதுவா. அவசரப்பட்டா கம்பி காஞ்சு அறுந்துடும்."

"இந்த ஹீட் கன்னை வெச்சு ஒரேயடியா சுட்டா பசை உருகிடாதா?"

"பசை உருகறதுக்கு முன்னாடி ஃபைபர் அப்பளம் மாதிரி கொப்புளிச்சுடும்! கை வெச்சா சுடணும், ஆனா கையை எடுக்கத் தோணக் கூடாது. அவ்வளவுதான் சூடு. நாலு அங்குலம் சுடு, நாலு அங்குலம் அறு, பின்னாலேயே ப்ளாஸ்டிக் ஆப்பு. நெம்பவே கூடாது."

"இப்படியே மூணு மணி நேரமா?"

"குறைஞ்சது மூணு மணி நேரம். கோர்ட்டுல கூட அதைத்தானே சொன்..."

ஹேசல் நிறுத்திக்கொண்டாள்.



இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை.

தோரல்ட் என்று ஒரு கிழவர். பழைய கார்கள் சேர்ப்பவர். அன்று மதியம் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே, தன் கொட்டகையில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு மரச் சுத்தியல். கைப்பிடியில் நைஜலின் பெயரெழுத்துகள்.

முந்தின நாள்தான் பப்பில் நைஜலுக்கும் கிழவருக்கும் வாய்ச் சண்டை. 'நீ பெயின்ட் அடிச்ச கார் ஓட்ஸ் கஞ்சி கொட்டின மாதிரி இருக்கு' என்று கிழவர் சொல்ல, 'உம்மை உதைப்பேன்' என்று நைஜல் கத்த... ஊரே கேட்டது.

'நான் வீட்டுல ஜுரத்துல படுத்திருந்தேன்' என்றான் நைஜல்.

'நாலு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தேன். படுக்கை காலியா இருந்துது' என்று சாட்சிக் கூண்டில் அழுதாள் லோர்னா. 'சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியலையே!'

நைஜல் வேலை செய்த இதே ஒர்க்‌ஷாப்பில் க்ளைவும் இருந்தான். சுத்தியல் அவன் கைக்கும் எட்டும். அதனால் அவனையும் கேட்டார்கள். 'ரெண்டரை மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் தனியா ஒரு டன்லினோட இடது பின் பேனலை எடுத்துட்டிருந்தேன். உள்ளே பின் விளக்கைத் தாங்கற பிராக்கெட் துருப் பிடிச்சிருந்துது. வெல்டிங் பண்ணி மறுநாள் ஒட்டினேன்' என்றான்.

சாட்சி?

ஹேசல்!

இதே வெள்ளை டன்லின்தான் அது. இரண்டரைக்குப் பல் டாக்டரிடம் கிளம்பியபோது பேனல் காரில் இருந்தது. ஆறுக்குத் திரும்பியபோது கம்பளி விரிப்பின் மேல், ஒரு கீறல் இல்லாமல், பெஞ்சில் கிடந்தது. காரின் மேல் துணி போர்த்தியிருந்தது.

'கொலை செய்துவிட்டு வந்து அவசரமாக எடுத்திருக்கலாம் இல்லையா?' என்று வக்கீல் கேட்டார்.

'முடியவே முடியாது. அவசரப்பட்டா உடையும். இது உடையலை' என்று ஹேசல் சொன்னாள்.

இருபது வருட அனுபவசாலி சொல்கிறாள். அதுவும் தன் அண்ணனுக்கு எதிராகவே. யார் நம்ப மாட்டார்கள்?

க்ளைவ் வெளியே. நைஜல் உள்ளே!

அப்பீல் இரண்டு முறை தள்ளுபடி. புது ஆதாரம் ஏதாவது இருந்தால் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போன சனிக்கிழமை பார்க்கப் போனபோது நைஜல், 'இனிமே வராதே ஹேசல். வந்து வந்து எனக்கு ஆசை காட்டாதே' என்றான். அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்பத்து நாலு வயது!

அவனை வெளியே கொண்டு வருவதற்கு ஒரு நூல் முனை கிடைக்காதா என்றுதான் அவள் தினமும் தூங்கப் போனாள்.

"இழு லோர்னா."

கம்பி போனது. வந்தது. போனது. வந்தது.

கம்பியோடு பசைத் தூள் வந்து விழுந்தது.

ஹேசல் துடைத்துவிட்டாள். மறுபடி இழுத்தாள். மறுபடி துடைத்தாள்.

கை நின்றது.

தூள்... பழுப்பு நிறம்!

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்ட? என் கழுத்து ஒடியுது."

ஹேசல் டார்ச்சை எடுத்து இடுக்கில் அடித்தாள். ஒரு சின்னக் குச்சி பசையிலிருந்து பெயர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

தீக்குச்சி. பாதியாக ஒடித்த தீக்குச்சி.

ஹேசல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹேசல்! என்னடி?"

"இது... இது ஃபேக்டரி பசை, லோர்னா!"

"அதனால?"

"நம்ம ஒர்க்‌ஷாப்புல நாம ஒட்டறது கறுப்புப் பசை. எப்பவுமே கறுப்பு. இது பழுப்பு. கம்பெனி மூடினதோட இந்தப் பசையும் போயிடுச்சு. அந்தக் காலத்துல பசை மேஜைல இருந்த பொம்பளைங்க, கனம் சரியா மூணு மில்லிமீட்டர் நிக்கணும்னு நடுவுல தீக்குச்சியை ஒடிச்சு வெப்பாங்க. அவங்க மட்டும்தான் அப்படிப் பண்ணினாங்க... இதோ!"

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"இந்தப் பேனல் பொறந்ததுலேர்ந்து இந்தக் காரை விட்டு எறங்கினதே இல்ல! க்ளைவ் இதை எடுக்கவே இல்ல! அன்னிக்கும் எடுக்கலை, மறுநாளும் ஒட்டலை!"

"ஆனா... நீயே பெஞ்சுல பார்த்தியே?"

"வேற ஒரு பேனலைப் பார்த்தேன்! பரண்ல ஸ்பேர் கெடந்திருக்கும். அந்த வருஷ வண்டியெல்லாம் ஒரே வெள்ளை. கார் மேல துணியைப் போர்த்திட்டு, ஸ்பேரை எடுத்து பெஞ்சுல வெச்சுட்டான். ரெண்டு நிமிஷ வேலை! நானும் துணியைத் தூக்கிப் பாக்கலை... கூட வேலை செய்யறவனை யாரு சோதனை போடுவா?"

 அவள் தொழில் அறிவை, அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அவள் அண்ணன் கழுத்திலேயே போட்டிருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே... அதை இவ்வளவு சுத்தமாக, ஒரு கீறல் விழாமல் செய்தவனை அவள் பார்த்ததில்லை.

"க்ளைவ்தான் தோரல்டைக் கொன்னிருக்கான் லோர்னா! நைஜல் வந்துடுவான்... உன் புருஷன் வெளியே வந்துடுவான்!"

லோர்னா டிக்கியிலிருந்து இறங்கினாள். ஹேசலைக் கட்டிக்கொண்டாள். 

"போதுமா ஹேசல்? இந்த... இந்தப் பசை மட்டும் போதுமா கோர்ட்டுக்கு?"

"இந்தப் பேனல் இப்படியே இருக்கணும். அவ்வளவுதான். நான் இன்ஸ்பெக்டர் ஹாலமைக் கூப்பிடறேன். நீ இங்கேயே நில்லு. க்ளைவ் வந்தா உள்ளே விடாதே!"

"விடுவேனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லோர்னா.

ஹேசல் ஓடினாள்.

கண்ணாடி அறை. மேஜை டிராயர். ஆறு வருடமாகக் கிடக்கும் விசிட்டிங் கார்டு. எண்களை அமுக்கினாள்.

இன்ஸ்பெக்டர் ஹாலம்தான் நைஜலைக் கைது செய்தவர். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கேஸ் எனக்கு என்னிக்குமே செரிக்கலைம்மா. காரை யாரும் தொடக் கூடாது. பக்கத்து ஊர்லதான் இருக்கேன். பத்தே நிமிஷம்."

"கேட்ல ஒரு ட்ரெயிலர் நிக்குது சார். வண்டியை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க."

வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி மணி!

"மிஸ் ப்ராக்கன்பரி? பிக்கரிங் பேசறேன். என் கார் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்! அப்புறம் பேசறேன்!"

"குளிருதான்னு பார்த்தீங்களா? ராத்திரி மேல கம்பளி போடணும். ஒரு கீறல் விழுந்தாலும் என் மனசு..."

"சார், ஒரு கீறல் விழாது! சத்தியம்! இப்ப..."

டமார்!!!

ஒர்க்‌ஷாப்பே அதிர்ந்தது.

டமார்! டமார்!

ஹேசல் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

க்ளைவ் வந்துவிட்டானா? லோர்னாவை ஏதாவது...

இல்லை.

க்ளைவ் வரவில்லை.

கையில் நாலு பவுண்ட் சுத்தியலோடு லோர்னா நின்றிருந்தாள். இடது பின் பேனல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. தரையெங்கும் வெள்ளைத் துண்டுகள்.

"லோர்னா!!! என்ன பண்ற நீ?"

லோர்னா கடைசியாக ஒரு அடி போட்டாள். ஒரு துண்டு பறந்து பெஞ்சுக்கடியில் போய் விழுந்தது. முடி வெட்டி முடித்தவள் போல மேலே விழுந்த தூளைத் தட்டிவிட்டாள்.

"முடிஞ்சுது."

"ஏன்...? ஏன்டி?"

"கம்பி வழுக்கிச்சு. நீ நெம்பின. பழைய ஃபைபர்... உடைஞ்சு போச்சு. இதைத்தான் நான் ஹாலம்கிட்ட சொல்லப் போறேன்."

"நைஜல் வெளியே வர்றதுக்கு இருந்தது இது ஒண்ணுதான்! நீ அவன் பொண்டாட்டி!"

"அதான் கஷ்டமே." லோர்னா சிரித்தாள். "உனக்கு நிஜமாவே புரியலையா? பாவம்டி நீ."

ஹேசலுக்குப் புரிந்தது. 

"நீயும்... க்ளைவும்?"

"ஏழு வருஷமா. தோரல்ட் கொட்டகைல சந்திச்சுப்போம். கிழவன் ஒருநாள் பார்த்துட்டான். நைஜல்கிட்ட சொல்றேன்னு குதிச்சான். சொல்ல விடலை."

"அப்போ அன்னிக்கு நைஜல்..."

"படுக்கைலதான் இருந்தான். ஜுரம் அனலாக் கொதிச்சுது. நான்தான் மாத்திரை குடுத்து, போர்வையை இழுத்துப் போத்திட்டு வந்தேன்."

அந்தப் போர்வைதான் ஹேசலைக் கொன்றது. கொலையைக் கூட அவளால் கேட்க முடிந்தது. போர்வையைக் கேட்க முடியவில்லை.

"ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுல சாப்பிட்டியே! ஒவ்வொரு தடவையும் அழுதியே! நானும் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதேனே!"

"அழுகை எனக்கு வெங்காயம் உரிக்காமலே வரும்."

ஹேசல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கூடவே உட்கார்ந்து குழி பறித்திருக்கிறார்கள். ஒருவன் இந்தப் பக்கம். ஒருத்தி அந்தப் பக்கம். நடுவில் இவள்... மரம் மாதிரி அறுபட்டிருக்கிறாள்!

கதவருகே காலடிச் சத்தம்.

"யாரும்மா உள்ளே?"

இன்ஸ்பெக்டர் ஹாலம். நனைந்த மழைக்கோட்டு, ஜலதோஷ மூக்கு. ஓட்டையைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார்.

லோர்னாவின் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர்!

"சார்! ஹேசல் அவசரத்துல நெம்பிட்டா சார்! உடைஞ்சதும் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்தியலை எடுத்து... நான் பிடுங்கினேன்... இப்ப என்னையே சொல்றா சார்!"

"பொய்!" ஹேசல் அலறினாள். "இவதான் உடைச்சா! இவளும் க்ளைவும்... சார், நம்புங்க!"

ஹாலம் மூக்கை உறிஞ்சினார்.

"ரெண்டு பேரு, ரெண்டு கதை. சாட்சி தரைல தூளாக் கெடக்கு. நான் என்னம்மா பண்ணட்டும்?" டார்ச்சை எடுத்துக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போனார். பின் சக்கரத்தருகே மண்டியிட்டார். கதவிலிருந்து பார்த்தால் அவர் இருப்பதே தெரியாது.

ஹேசல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஓட்டையின் விளிம்பைப் பார்த்தாள். தொழில்காரக் கண் அல்லவா... அது அழுதுகொண்டே வேலை பார்க்கும். அவள் வாயைத் திறந்தாள்...

வெளியே வேன் கிறீச்சிட்டது. தடதடவென்று ஓடி வரும் சத்தம்.

க்ளைவ்!

மூன்று மணி நேரப் பயணத்தை இரண்டே காலில் முடித்திருந்தான். முகம் சிவந்து, கையில் ஒரு நீள உளி. நேராகக் காரைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். சுத்தியலைக் கையில் வைத்திருந்த லோர்னாவைப் பார்த்தான்.

லோர்னா கண்ணால் ஜாடை காட்டினாள். 'வேண்டாம்... வேண்டாம்...' என்று கட்டை விரலை ஆட்டினாள்.

அவன் எங்கே பார்த்தான்? ஹேசல் நிற்பதைக் கூடக் கவனிக்கவில்லை. தொழில்காரன் முன்னால் ஒரு வேலையை அலங்கோலமாகச் செய்து வைத்தால் அவனுக்குக் கண் மண் தெரியுமா?

"நீயா உடைச்ச? அடி அறிவு கெட்டவளே! பேனலை எதுக்குடி உடைச்ச?"

"க்ளைவ்... வாயை..."

"என்ன வாயை? ஃபைபர்தான் உடையும், பசை உடையுமா? பாரு, சட்டத்தைச் சுத்தி அப்படியே பல்லு மாதிரி ஒட்டிட்டு நிக்குது! அந்தப் பழுப்புப் பசையைச் சுரண்டி எடுக்கத்தான்டி நான் கார்லைல்லேர்ந்து பறந்து வரேன்! உள்ளே பிராக்கெட்டைப் பாரு... வெல்டிங்கே படாம துருப் பிடிச்சு இளிக்குது! மூடி இருந்துச்சு, நிம்மதியா இருந்துச்சு! நீ ஜன்னல் வெச்சுக் காட்டியிருக்கியே!"

காரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல்.

மழைக்கோட்டு மெதுவாக எழுந்தது.

"சுரண்டி எடுக்கணுமா மிஸ்டர் ஸ்கெல்டன்? எதுக்கு?"

க்ளைவின் கையிலிருந்து உளி நழுவியது.

 

ஹேசல் முன்னால் வந்தாள். ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்தாள். குரல் உடைந்திருந்தது; விரல் நடுங்கவில்லை.

"இதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். வெளியே இருந்த பாகம்தான் தூளாச்சு. ஒட்டின விளிம்பு அப்படியே இருக்கு. இங்கேருந்து இதுவரைக்கும் நாங்க இன்னிக்கு அறுத்தது, எட்டு அங்குலம். மிச்சம் முழுக்க ஃபேக்டரி பசை. எண்ணிப் பாருங்க, குச்சி குச்சியாத் தெரியும். நான் கம்பியால அறுத்து எடுத்திருந்தா பாதி அழிஞ்சிருக்கும். லோர்னா ஒண்ணையும் அழிக்கலை."

லோர்னாவின் முகம் வெளுத்தது. சட்டென்று திரும்பினாள்.

"சார்! கிழவனை அடிச்சது இவன்தான்! நான் அடிக்கலை!"

"அடிப் பாவி!" க்ளைவ் கத்தினான். "நைஜலோட சுத்தியலைப் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தது யாரு? அவன் உள்ளே போயிட்டா நமக்குத் தொல்லை விட்டுதுன்னு சொன்னது யாரு?"

"நீ சொன்ன!"

"நீதான் சொன்ன!"

ஹாலம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "ஒவ்வொருத்தரா... எனக்கு ஜலதோஷம், வேகமா எழுத முடியாது."

ஏழு வருடக் காதல் ஒன்றரை நிமிடத்தில் பெயர்ந்து வந்தது. சூடு கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

விலங்கு மாட்டும்போது க்ளைவ் ஹேசலைப் பார்த்தான். அவள்தான் கேட்டாள்.

"பதினேழு வருஷம் க்ளைவ். நான் கம்பியை இழுக்கறப்பல்லாம் அந்தப் பக்கம் நீ விட்டுக் குடுத்த. அதை நம்பித்தானே விரலை உள்ளே வெச்சேன்? என்னை ஏன் சாட்சியாக்கின? வேற ஆளே கெடைக்கலையா?"

"வேற யாரையும் ஊர் நம்பாது ஹேசல்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான்."

அறைந்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் நேர்மையைத்தான் அவன் ஆயுதமாக எடுத்திருக்கிறான். தோரல்டுக்காவது ஒரே அடி. இவளுக்கு ஆறு வருடம்.

லோர்னா அவளைக் கடந்து போகும்போது நின்றாள். "ஹேசல்... நைஜல்கிட்ட..."

"உன் பேரை அவன்கிட்ட நான்தான் சொல்லணும். எப்படிச் சொல்வேன்னு எனக்கே தெரியலை. போ!"

பின்னால் வந்த இரண்டு போலீஸ் கார்களில் இருவரையும் தனித்தனியாக ஏற்றினார்கள். ஒரே காரில் ஏற்றினால் ஒருவரை ஒருவர் கடித்திருப்பார்கள்.

ஹேசல் தரையில் உட்கார்ந்து வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எவ்வளவு நாளாகும் சார்? நைஜல் வர?"

"வக்கீலுக்கு இப்பவே சொல்லிட்டேன். பேப்பர் வேலை இருக்கு... சில வாரம் ஆகலாம். ஆனா வருவான்மா. இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன்." ஹாலம் கொஞ்சம் தயங்கினார். "என்னையும் மன்னிச்சுடுன்னு அவன்கிட்ட சொல்லணும்."

"அதை நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொல்றதுக்கே நெறைய இருக்கு."

அவர் தலையாட்டினார். தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட்டையை இன்னொரு முறை பார்த்தார்.

"காரை எவிடென்ஸா எடுத்துட்டுப் போகணும். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். ஆமா... சொந்தக்காரர் பிக்கரிங்னு சொன்னியே, அவருக்கு யாரு விஷயத்தைச் சொல்றது?"

ஹேசல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதான் சார்! வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழட்டிட்டு, முதல்ல அவரை உக்கார வெச்சு... சாவுச் செய்தி சொல்ற பயிற்சியெல்லாம் போலீஸ்லதானே குடுக்கறாங்க!"